கலயம் கட்டுமுன்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாயிருந்த ராஜா கேசவதாசரால் நிறுவப்பட்ட வாணிபத் தலமாகும். கிழக்குக் கோட்டையினின்று கிள்ளிப்பாலம் வரை செல்லும் அத்தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவ்விடத்து உபாசகர் ஒருவர் வினவுகிறார்: "எங்கள் வீட்டில் இளங்கிளி இணையொன்று வளர்கிறது. கூண்டில் மண்கலயம் கட்டிக் குஞ்சு பொரிக்க விடலாமா? விடாதிருத்தல் அவற்றிற்குக் கொடுமை செய்வதாகுமா?" சிறு வினாப்போல் தோன்றினும் இது சிறிதன்று. நம் விருப்பத்தால் ஓர் உயிரை உலகிற்கு வரவழைக்கலாமா என்பதே இதன் உட்பொருள்.

முதற்கண், வளர்வது எக்கிளி என்பதை அறிதல் வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியாயின், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. அதனைப் பிடித்தலும் கூண்டிலிட்டு வளர்த்தலும் விற்றலும் குற்றமாதலின், இனப்பெருக்கத்திற்கே இடமில்லை. வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை. கையூட்டி வளர்த்த கிளியைத் திடீரெனப் பறக்கவிடுதல் கருணையன்று. இரை தேடவும் பகைக்கு அஞ்சவும் அறியாத அது விரைவில் மடியும்.

நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்றழைக்கும் சிறுகிளிகளோ பெரும்பாலும் ஆஸ்திரேலிய நாட்டுப் பட்ஜெரிகர் இனத்தன. 1840-இல் ஜான் கூல்ட் என்னும் பறவைநூல் அறிஞர் இவற்றை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். அதன்பின் இவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகின. உபாசகரின் வினா இவற்றிற்கே பொருந்தும்.

"இனம் பெருக்குதல் இயற்கையன்றோ? அதனைத் தடுத்தல் அறமோ?" என்பர் சிலர். இயற்கை யாது செய்கிறது என்று நோக்குவோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் இக்கிளிகள் மழைக்காகக் காத்திருக்கின்றன. மழை பெய்து புல் விதைத்தபின் மரப்பொந்தில் முட்டையிடுகின்றன. வறட்சியிலோ இனம் பெருக்காது பொறுத்திருக்கின்றன. ஆகவே, காலமறிந்து அடங்கியிருத்தலும் இயற்கையே. கூண்டில் தானியம் குறைவதில்லை. பொந்துக்கு ஈடாகக் கலயமும் தொங்கினால், நற்காலம் வந்ததெனப் பறவை கொள்கிறது. அங்கே மழையாக நிற்பவன் வளர்ப்பவனே. எனவே பொறுப்பும் அவனுடையதே.

அப்பொறுப்பின் அளவைக் கணக்கிடுங்கள். ஓர் ஈட்டில் 4 முதல் 6 முட்டை. சுமார் 18 நாள் அடைகாப்பு. ஏறத்தாழ 5 வாரத்தில் குஞ்சு கலயத்தை விட்டு வெளிவரும். ஆண்டிற்கு இரண்டு ஈடு, ஈட்டிற்கு ஐந்து குஞ்சு எனக் கொண்டால் முதலாண்டில் 10. அவையும் ஐந்து இணையாகிப் பெருகின் மறு ஆண்டில் மேலும் 60. பெற்றோருடன் சேர்த்து 72 உயிர்கள்! ஒவ்வொன்றும் ஐந்தாறு ஆண்டு வாழும். பத்தாண்டு வாழ்வதும் உண்டு. இரண்டறை வீட்டில் இவற்றிற்கு இடமேது?

"மிகுந்தவற்றை விற்றுவிடலாம்" எனின், உயிர் வாணிபம் உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிபங்களுள் ஒன்றென அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. ஒருமுறை ஒரு குஞ்சை விற்றவன் வாணிகன் ஆவானா என்று வாதிக்கலாம். ஆயினும் விலையை எண்ணிக் கலயம் கட்டுபவனின் சேதனை, அதாவது அவனது உள்ளக்கருத்து, வாணிகனுடையதே. இலவசமாக அளிப்பினும், அளித்த இடத்தில் அதற்கு நீரும் இரையும் கிடைக்குமா என்று ஆராயாதவன் தானம் செய்தவனாகான். சுமையை இறக்கியவனே ஆவான்.

"முட்டையிட்டபின் அவற்றை அகற்றினாலென்ன?" எனலாம். முட்டையிற் பிறப்பது பிறவி வகை நான்கனுள் ஒன்று. கருவுற்று அடைகாக்கப்பட்ட முட்டையை அழிப்பது முதற்சீலத்தோடு மோதுகிறது. ஆதலின் முடிவு செய்யுங்காலம் முட்டை கண்டபின் அன்று, கலயம் கட்டுமுன். கலயமில்லையேல் இவை பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. கூண்டின் தரையில் இடத் தொடங்கினால், இரண்டையும் ஒன்றையொன்று காணும்படி அடுத்தடுத்த கூண்டுகளில் வைக்கலாம்.

இளமையையும் எண்ணுதல் வேண்டும். ஓராண்டு நிரம்பாத பெட்டைக்கு முட்டை வெளிவராது அடைத்துக்கொண்டு உயிர் போதலும் உண்டு. ஒரே கூண்டில் வாங்கிய இரண்டும் உடன்பிறப்புகளாக இருக்கவும் கூடும். அசோக மன்னர், முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லலாகாத உயிர்களின் வரிசையில் கிளியையே முதலில் வைத்தார். சினையுற்ற, பாலூட்டும் ஆடுகளையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் அதே சாசனத்தில் காத்தார். தாய்மைக்கும் இளமைக்கும் தனிக்காப்பு வேண்டுமென அப்பேரரசர் கண்டார்.

என் துணிபு இதுவே: கூண்டிற் பிறந்த இணையை அன்புடன் பேணுதல் கடமை, கூண்டிற்கெனப் புதிய உயிரைப் பிறப்பித்தல் கடமையன்று. பிறவாத குஞ்சு எவரிடமும் குறையிரந்து நிற்பதில்லை. பிறந்த இரண்டோ இன்று நம் கையை நோக்கி நிற்கின்றன. அகன்ற கூண்டு, தூய நீர், தினையோடு கீரை, கடிக்கக் கணவாய் ஓடு, நம்மோடு சிறிது பொழுது: இவற்றை அளித்தால் குஞ்சின்றியும் அவை இன்புற்று வாழும். வரும் ஒவ்வொரு குஞ்சிற்கும் அதன் இறுதிநாள் வரை இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்ல இயலாதவர் கலயத்தைக் கட்டாதிருப்பாராக. அவ்வாறு இருத்தலும் மைத்திரியே ஆகும்.