ரெண்டு பேரும் உங்காளுங்கதானே

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'பிரசிடெண்ட் எலெக்‌ஷன்' என்றால் ஊராட்சித் தலைவர் தேர்தல்தான். சட்டை கிழிவதும் மண்டை உடைவதும் அதற்குத்தான். தில்லியில் இருக்கிற பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டுக் கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். 1971 மக்கள்தொகையைக் கணக்கில் வைத்து, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் போடும் ஓட்டுக்கு 176 என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். உத்திரமேரூர் எம்.எல்.ஏ.வின் அந்த 176க்குள் நானும் என் சேரியும் எங்கோ ஒரு ஓரத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் பங்கு.

இப்படி ஓட்டே இல்லாத ஒரு தேர்தலுக்காக 2017இல் என் சிநேகிதன் ஒருவனை நான் அவமானப்படுத்தினேன். சிநேகிதர்கள் அரசியலில் மாறுபடும்போது நாகரிகமாகப் பேசிக்கொள்வது என்றால் என்ன என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்த வருஷம் ஜூலை 17ஆம் தேதி ஓட்டுப்பதிவு. ஒரு பக்கம் ராம்நாத் கோவிந்த், மறுபக்கம் மீரா குமார். இரண்டு பேரும் தலித்துகள். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கூட இருந்தவர் ஊர்க்காரர், என்னோடு பத்தாவது வரை படித்தவர், உரக்கடை வைத்திருக்கிறார். பேப்பரில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தது. மீரா குமார் வரவேண்டும் என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இதுல இன்னாப்பா பேச்சு? ரெண்டு பேரும் உங்காளுங்கதானே. யாரு வந்தா இன்னா?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. இந்த நாட்டில் எத்தனையோ தேர்தல்களில் எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் மேல்சாதிக்காரர்களாகவே இருந்திருக்கிறார்கள். 'ரெண்டு பேரும் ஒரே ஜாதி, இதில் பேச என்ன இருக்கிறது' என்று அப்போதெல்லாம் யாரும் கடையை மூடவில்லை. அவர்களுக்குக் கொள்கை இருந்தது, குணம் இருந்தது, கடந்தகாலம் இருந்தது. எங்களில் இரண்டு பேர் நின்றால் மட்டும் சாதி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

நான் இதை அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நானும் சிரித்தேன். டீக்கு நானே காசு கொடுத்தேன். எங்கப்பா காலத்தில் அந்தத் தெருவில் எங்களுக்குத் தனி கிளாஸ். அந்த கிளாஸ் போய்விட்டது. ஆனால் அங்கே உட்கார்ந்து பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்குள்ளிருந்து போகவில்லை. அதை நான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராக என் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். அவன் கொத்தனார். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எங்கள் காலனியில் இரவுப் பள்ளி ஆரம்பித்தபோது கரும்பலகை மாட்டச் சுவர் கட்டிக் கொடுத்தவன். எங்கப்பா இறந்தபோது மழையில் நின்று குழி வெட்டியவன். வாசலில் உட்கார்ந்து அதே பேச்சை எடுத்தேன். அவன் கோவிந்த் வரட்டும் என்றான்.

"அந்தம்மா ஜெகஜீவன்ராம் பொண்ணு மச்சான். பெரிய வீடு. சபாநாயகரா இருந்தவங்க. இந்தாளு கிராமத்துல கூரை வூட்டுல பொறந்தவரு. எம்பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல அந்தப் படத்த மாட்டட்டும்."

"ஆளப் பாக்காதடா, நிறுத்தினவன் யாருன்னு பாரு" என்றேன்.

"அப்போ 97ல நாராயணன நிறுத்தினது யாரு? எல்லாக் கட்சியும்தான் ஓட்டுப் போட்டுது. பா.ஜ.க.வும் போட்டுது. அப்போ நீ தெருவுல பட்டாசு வெடிச்சியே?"

அவன் சொன்னது உண்மை. 1997இல் கே.ஆர்.நாராயணனை எதிர்த்து டி.என்.சேஷன் நின்றார். சிவசேனை போல ஒன்றிரண்டு கட்சிகள் தவிர மற்றவர்கள் எல்லாரும் நாராயணன் பக்கம். நான் பட்டாசு வெடித்ததும் உண்மை. என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வாயில் வேறு ஒன்று வந்தது.

"எவ்ளோ வாங்கினே?"

எட்டாவது படிக்கும் அவன் பெண் கதவோரம் நின்றிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்து "சாப்ட்டுப் போ" என்று மட்டும் சொன்னான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

டீக்கடையில் என்னைச் சிறுமைப்படுத்தியவரிடம் மரியாதை காட்டினேன். பாயைப் போட்டு உட்காரவைத்து, காரணத்தோடு பேசியவனிடம் மரியாதை கெட்டுப் பேசினேன். அங்கே விழுங்கியதை இங்கே வந்து துப்பினேன். நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே பார்த்துப் பேசும்போது வரும் அடக்கத்தை நாகரிகம் என்கிறோம். அது பயம். பயம் இல்லாத இடத்தில், சமமானவனிடத்தில் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் நாகரிகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

நான் சொன்ன வார்த்தை எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்க்கவேண்டும். 'சேரி ஓட்டு குவார்ட்டருக்கும் பிரியாணிக்கும் போயிடும்' என்று ஊர்த்தெருவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு விருப்பம் இருக்கும், விருப்பத்துக்குக் காரணம் இருக்கும் என்பதையே ஒப்புக்கொள்ளாத பேச்சு அது. 'விலைபோனவன்' என்பது அதன் படித்த வடிவம். எதிரி எங்களைத் திட்டச் செய்து வைத்த வார்த்தையை எடுத்து, தோழன் மேல் எறிகிறோம். அதற்குக் கொள்கை என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

நம் வரலாற்றிலும் இது உண்டு. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போய்த் தனித்தொகுதி கேட்டார். எம்.சி.ராஜா 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத்தொகுதியே போதும் என்றார். நான் சீனிவாசன் பக்கம். ராஜா செய்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் ராஜாவை 'விலைபோனவர்' என்ற பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டால், 1938இல் தான் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு கைவிட்டபோது சட்டமன்றத்திலேயே எதிர்த்துப் பேசிய ராஜாவை எந்தப் பெட்டியில் வைப்பது? தவறு என்று சொன்னால் காரணம் காட்டவேண்டும். துரோகி என்று சொல்லிவிட்டால் காரணம் காட்டும் வேலை மிச்சம்.

இந்த இடத்தில் சிலர், ஒற்றுமைக்காக இதையெல்லாம் பேசாமலே இருந்துவிடலாமே என்கிறார்கள். 'நாம பிரிஞ்சி நின்னா ஊர்க்காரன் சிரிப்பான்' என்று எங்கள் காலனிப் பெரியவர்களும் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'ரெண்டு பேரும் உங்காளுங்கதானே' என்று ஊர்க்காரர் வெளியிலிருந்து சொன்னதை நாமே உள்ளிருந்து சொல்வதுதான் இது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டை எல்லாரும் புகழ்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்று அதிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் ஓதியிருக்கவேண்டும். தாழ்ந்தவரோடு சேர்ந்து பதிதரானவர் பிராயச்சித்தம் செய்யும்வரை ஆகாது. அது பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. 30 குடும்பிலும் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

நாம் அந்தக் குடத்துக்கு வெளியே இருந்தோம் என்பது தெரிந்த விஷயம். நான் சொல்லவருவது வேறு. குடத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள். அதனால் எந்த ஓலை வந்தாலும் சரி என்று குலுக்கினார்கள். இவர் ஏன், அவர் ஏன் வேண்டாம் என்று பேசவேண்டிய தேவையை அந்த முறை எடுத்துவிடுகிறது. வேறுவேறு ஆட்கள் சேர்ந்து வாழும் இடத்தில் குலுக்கினால் போதாது, பேசியாகவேண்டும். அம்பேத்கர் ஜனநாயகத்தை ஆட்சிமுறையாக மட்டும் பார்க்காமல், சேர்ந்து வாழும் முறையாகப் பார்த்தார். அவர் வலியுறுத்திய சகோதரத்துவம் ஒரே கருத்தாக இருப்பது அல்ல. கருத்து மாறுபட்ட பிறகும் ஒரே பாயில் உட்கார முடிவது.

என் கதைக்கு வருகிறேன். கோவிந்த் 7,02,044 மதிப்பு ஓட்டு வாங்கி ஜெயித்தார். மீரா குமாருக்கு 3,67,314. இரண்டு மாதம் நானும் அவனும் பேசவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி, அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா இறந்துபோனாள். பிளஸ் டூவில் 1176 மார்க் எடுத்தும், நீட் தேர்வால் டாக்டர் படிப்பு கிடைக்காத தலித் பெண். எங்கள் காலனியில் மெழுகுவத்தி ஏற்றினோம். அவனும் பெண்ணோடு வந்து நின்றான். கூட்டம் கலையும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது:

"மாமா, அன்னிக்கு எங்கப்பாவ எவ்ளோ வாங்கினேன்னு கேட்டீங்களே. எங்கப்பா யார்கிட்ட இன்னா வாங்கிச்சி?"

"ஒண்ணும் வாங்கலம்மா. நான் சொன்னது தப்பு."

"அத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

போய்ச் சொன்னேன். "வுடு மச்சான்" என்றான். "விட முடியாது" என்று சொல்லி, மறுபடியும் சொன்னேன்.

பிறகு நிறையப் பேசினோம். நாராயணனை எல்லாக் கட்சியும் சேர்ந்துதான் நிறுத்தின. ஆனாலும் 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி கொண்டுவர மத்திய அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை அவர் திருப்பி அனுப்பினார். ஆகவே, நிறுத்தினவனைப் பார் என்ற என் வாதம் முழுசாக நிற்கவில்லை. நீட் விலக்கு கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்களுக்கு 2017 செப்டம்பரில் கோவிந்த் பெயரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டது. எங்களுக்கு அது தெரியவந்ததே 2019இல்தான். அமைச்சரவை ஆலோசனைப்படி நடக்கவேண்டிய பதவி அது. ஆகவே, கூரை வீட்டில் பிறந்தவர் என்ற அவன் வாதமும் முழுசாக நிற்கவில்லை. நாராயணன் பதவியேற்றது 1997 ஜூலை 25. அதற்கு ஒரு மாதம்கூட முன்பாக இல்லை, ஜூன் 30ஆம் தேதிதான் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் 5 பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த பிரசிடெண்டுக்கும் இந்த பிரசிடெண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவன்தான் கேட்டான். நான் பட்டாசு வெடித்த அன்று அதை நினைக்கவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் இதில் ஒன்றும் எனக்குக் கிடைத்திருக்காது.

2022இல் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் நின்றபோது மறுபடி மாறுபட்டோம். இந்த முறை அவன் ஒரு வழி சொன்னான். "செவுரு கோணலா இருக்குதுன்னா கத்தி இன்னா பிரயோசனம், தூக்குக்குண்டு வுட்டுப் பாக்கணும். நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லு. அதான் நான் சொன்னதுன்னு நான் ஒத்துக்கினா, அப்புறமா மறுத்துப் பேசு." சுலபமாக இருக்கும்போல் தோன்றும். முயன்று பார்த்தால் தெரியும். அவன் காரணத்தை அவன் ஒப்புக்கொள்ளும்படி என்னால் மூன்றாவது தடவைதான் சொல்ல முடிந்தது. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெரியவர் ஒருவரும் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தார். பழங்குடிப் பெண் ஜனாதிபதியாவது பற்றி நாங்கள் இருவரும் ஒருமணி நேரம் பேசியபிறகுதான் அவரைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. "வரட்டும் சாமி. எம்பேரனுக்குச் சாதி சர்ட்டிபிகேட் வாங்கணும், அதுக்கு யாராண்ட போவணும்?" என்றார். நாங்கள் காட்டிய நாகரிகத்தில் அவரைச் சேர்க்க மறந்திருந்தோம். என்னை அவர் 'சாமி' என்று கூப்பிட்டதும் அப்போதுதான் காதில் விழுந்தது. டீக்கடையில் நான் தாழ்த்திக்கொள்ளும் குரல் அவரிடமும் இருந்தது, என் முன்னால்.

அந்த வாரம் உரக்கடைக்காரரிடம் 2017இல் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். சத்தம் போடவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. உங்காளுங்க ரெண்டு பேர் நின்னப்போ நான் உங்களை அப்படிக் கேட்டதில்லை என்றேன். முகம் மாறிவிட்டது. "நாகரிகமா பேசுப்பா" என்றார். "இதான் நாகரிகம்" என்றேன். இப்போதும் பார்த்தால் பேசுகிறார், முன்போல இல்லை. அன்றைக்கு டீக்கு அவரவர் காசை அவரவர் கொடுத்தோம்.