எங்கே நிற்பது?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையின் மலையுச்சியில் கொப்பரை எரியும். அதற்குச் சற்று முன் கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியிலிருந்து வெளியே வந்து, ஓரிரு நிமிடம் காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். படமெடுக்க வருகிறவர்களுக்கு நேரமும் தெரியும், திசையும் தெரியும். எங்கே நிற்பது என்பதுதான் பாக்கி. கூட்டத்துக்குள் அந்த ஓரடி இடத்தைப் பிடித்தவருக்கே படம்.

விளையாட்டுப் படக்கலையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. நூறு மீட்டர் ஓட்டக்காரர் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வருகிறார். கண் கண்டு விரல் அழுத்துவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அவர் இரண்டு மீட்டர் தாண்டியிருப்பார். ஆகவே பார்த்த பிறகு அழுத்தினால் படம் கிடைக்காது. வரப்போவதை ஊகித்து, அதற்கேற்ற இடத்தில் முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும். ஆட்டம் தெரியாதவர் கையில் எத்தனை விலையுள்ள லென்ஸ் இருந்தும் பயனில்லை.

இந்தக் கணக்கை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவரை யாரும் விளையாட்டுப் படக்காரர் என்று சொல்வதில்லை. பிரான்சில் 1908-இல் பிறந்த ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான். கையில் சிறிய லைக்கா, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபிளாஷ் கிடையாது. எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதும் பொதுவாகக் கிடையாது. 1932-இல் இயேர் நகரில் அவர் எடுத்த படத்தில் மேலிருந்து சுழன்றிறங்கும் படிக்கட்டு கூர்மையாக இருக்கிறது. கீழே தெருவில் சைக்கிள்காரர் கலங்கலாகக் கடந்துபோகிறார். அசையாத படிக்கட்டு இல்லாவிட்டால் அந்தக் கலங்கலுக்கு வேகம் என்ற பொருளே வந்திருக்காது.

1937-இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் முடிசூடியபோது அவர் ராஜாவை விட்டுவிட்டு, ராஜாவைப் பார்க்க வந்த ஜனங்களைப் படமெடுத்தார். 1957-இல் பாரிஸின் உள்ளரங்கில் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தையும் படமாக்கினார். கோல் விழுந்ததும் வலையைப் பார்க்காமல் கேலரியின் பக்கம் கேமராவைத் திருப்பும் இன்றைய பழக்கத்துக்கு இவரை முன்னோடி என்றே சொல்வேன்.

அந்த மனிதர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். அங்கே ஆசிரமத்தில் வாழ்ந்த துறவி ரமணருக்கு இடக்கையில் புற்றுக்கட்டி. நான்கு அறுவைச் சிகிச்சைகள் முடிந்திருந்தன. ரமணரின் படங்களுக்கு அதற்குள் ஒரு மரபே உண்டாகியிருந்தது. சென்னை டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி ஆண்டுக்கணக்கில் எடுத்தவை இருந்தன. பெங்களூர் வெல்லிங் 1946-இல் எடுத்த முகப்படம் இன்றும் வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் ரமணரே முழுச் சட்டத்தையும் நிறைக்கிறார். பிரெஞ்சுக்காரரோ ரமணரோடு சேர்த்து அவரைச் சூழ்ந்திருந்தவர்களையும் படமாக்கினார். அசையாமல் கிடப்பவரைச் சுற்றி அலைமோதும் ஊர்: இயேர் படிக்கட்டும் சைக்கிளும்தான், வேறு வடிவில்.

ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தார். தங்கியிருந்த வீட்டு முன் நின்ற கார்த்தியே பிரெஸ்ஸான், நண்பர்கள் காட்ட, ஒளிவால் நீண்ட எரிநட்சத்திரம் ஒன்று தெற்கிலிருந்து வந்து அருணாசல மலையின் பின்னால் மறைவதைக் கண்டார். எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆசிரமத்துக்கு ஓடினார்கள். அதை அவர் வாயால் சொன்னாரே தவிரப் படமாகத் தரவில்லை. திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இரவு வானத்தில் எரிநட்சத்திரம் பதிய வேண்டுமானால், அது வருமுன்பே முக்காலியில் கேமராவைப் பொருத்தி ஷட்டரைத் திறந்துவைத்திருக்க வேண்டும். தீபத்துக்கு நேரமுண்டு, பந்தயத்துக்கு முடிவுக்கோடு உண்டு. எரிநட்சத்திரத்துக்கு இரண்டும் இல்லை.

மறுநாள் ரமணரின் நல்லடக்கம் நடந்தது. அம்மாதக் கடைசியில் கார்த்தியே பிரெஸ்ஸான் புதுச்சேரியில் இருந்தார். பல்லாண்டுகளாகப் படமெடுக்க இடம் கொடுக்காத யோகி அரவிந்தர் அவருக்கு மட்டும் சம்மதித்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தரும் மறைந்தார்.