தேவமாதாவின் இசைவு

கத்தோலிக்கர் மரியன்னையை வணங்குவதேன்? ஆராதனை இறைவனுக்கே உரியது. அன்னைக்குரியது வணக்கமே என்று அவர்தம் திருச்சபை பகுத்துரைக்கின்றது. 431-ஆம் ஆண்டு எபேசு நகரில் கூடிய சங்கம் 'இறைவனைப் பெற்ற தாய்' என்னும் பெயரை அவருக்கு உறுதி செய்தது. மகனால் மட்டுமே தாய்க்கு இப்பெருமை என்பர் சிலர். அது முழு உண்மையன்று. லூக்கா நற்செய்தியில், தேவதூதர் சொற்கேட்ட அக்கன்னி வினா எழுப்புகின்றார். விடை பெற்ற பின்னரே இசைகின்றார். காலை, நண்பகல், மாலை என மூவேளையும் செய்யப்படும் ஜெபம் அவ்விசைவையே நினைவூட்டுகின்றது. அவ்விசைவு முன்னர் நிகழவேண்டுமென்பது இறைவன் திருவுளம் என்று 1964-இல் வத்திக்கான் சங்கமும் உரைத்தது.

எல்லாம் வல்லவனே ஒரு பெண்ணின் இசைவை வேண்டினான் எனின், மகளைக் கேளாது மணம் பேசி முடிக்கும் தந்தைக்கு அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது? அன்னையைப் போற்றும் நா, இல்லத்து மகளையும் "உன் விருப்பம் யாதம்மா?" என்று கேட்கட்டும். அதுவே மெய்வணக்கம்.