செவிக்குக் கதவில்லை

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் கதவு இல்லை. உடல் உறங்கும்போதும் அது ஓசையை வாங்கிக்கொண்டே இருக்கிறது. விரும்பாத காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். விரும்பாத ஓசையிலிருந்து திரும்ப இடமில்லை. ஆதலின் ஐம்புலன்களுள் பிறர் செயலுக்குப் பெரிதும் ஆட்பட்டிருப்பது செவியே எனலாம்.

நம் இல்லங்களில் மிக்சியின் இரைச்சலும், குக்கரின் விசிலும், தொலைக்காட்சித் தொடரும், கைப்பேசியிலிருந்து உரக்க ஒலிக்கும் பாட்டும் நாள்தோறும் கலந்து ஒலிக்கின்றன. பெரும்பாலோர்க்கு இது பொருட்டன்று. ஆயினும் வீட்டில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குச் சென்றுவிடுகிறார். “இதைக்கூடவா தாங்க முடியாது?” என்று நாம் கேட்டுவிடுகிறோம். அங்கேதான் ஓர் அறவினா எழுகிறது. பொறுக்க வேண்டியவர் கேட்பவரா? தணிக்க வேண்டியவர் ஓசை எழுப்புபவரா?

முதலில் உண்மை நிலையை அறிவோம். பிறர்க்கு இயல்பாகத் தோன்றும் ஒலியே சிலர்க்கு வலியாகிறது. மருத்துவர் இதனை ஹைபர்அக்யூசிஸ் என்பர். ஒற்றைத் தலைவலி உடையோரிடமும், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடமும் இத்தகைய ஒலிக்கூச்சம் காணப்படுகிறது. செவித்திறன் குறைந்த முதியோர் நிலை இன்னும் வியப்புக்குரியது. மெல்லப் பேசினால் கேட்கவில்லை என்பார். சற்றே உரக்கப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்பார். இது பிடிவாதம் அன்று. மெல்லிய ஒலியை வாங்கும் ஆற்றல் குறைந்த செவியில், வல்லொலி மட்டும் திடுமெனப் பெருகித் தோன்றுவதன் விளைவே அது.

“நம் முனிவர் இருபத்திரண்டு பரீஷகங்களைத் தாங்குகின்றனர், பிறர் சொல்லும் வன்சொல்லும் அவற்றுள் ஒன்று. நாம் சிறிது ஓசையைப் பொறுக்கலாகாதா?” என்று சிலர் கூறலாம். பொறுமை உயர்ந்ததே. ஆனால் அது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது. பிறர்மேல் சுமத்துவது அன்று. தானே உண்ணாதிருப்பது நோன்பு. பிறர்க்கு உணவை மறுப்பதோ கொடுமை. அகிம்சை அணுவிரதத்திற்கு மாசு சேர்க்கும் ஐந்து அதிசாரங்களுள் உணவும் நீரும் மறுத்தல் ஒன்று. தாங்கும் அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல் மற்றொன்று. வண்டி மாட்டின் வலிமையைப் பார்த்துத்தான் மூட்டை ஏற்ற வேண்டும். வண்டிக்காரனின் வலிமையைப் பார்த்தன்று. ஓசைக்கும் அதுவே அளவு. கேட்பவரின் செவியே துலாக்கோல்.

இவ்விடத்தில் ஓர் ஆய்வு நினைக்கத்தக்கது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972-இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கியுள்ளனர். இரு குழுவினர்க்கு ஒரே இரைச்சலைக் கேட்பித்தனர். ஒரு குழுவினரிடம் மட்டும் அதனை நிறுத்தும் பொத்தானைத் தந்து, இயன்றவரை அழுத்தாதிருக்கக் கேட்டுக்கொண்டனர். அவர்கள் அழுத்தாமலே இருந்தும், பின்னர் தரப்பட்ட கடினமான புதிர்களில் அவர்களே மனந்தளராது நெடுநேரம் முயன்றனர். துன்புறுத்துவது ஓசை மட்டுமன்று. அதனைத் தடுக்க நம்மால் இயலாது என்னும் உணர்வும்தான் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே “இன்னும் ஐந்து நிமிடம் மாவு அரைக்கப் போகிறேன்” என்று முன்கூட்டிச் சொல்வது சிறு செயலாயினும் பெரிய உதவியாகும். “தாங்காவிட்டால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்” என்று சேர்த்துச் சொன்னால், அந்தப் பொத்தானை அவர் கையிலேயே கொடுத்தவர் ஆவோம்.

ஒலிக்கூச்சம் உடையோர்க்கும் கடமை உண்டு. எந்நேரமும் காதை அடைத்துக்கொண்டிருத்தல் ஆகாது. அமைதிக்கே பழகிய செவியில் கூச்சம் மேலும் மிகும். பேரிரைச்சல் உள்ள இடத்தில் மட்டும் காதடைப்பான் போதும். காது மருத்துவரைக் கண்டு, மெல்லிய ஒலியிலிருந்து படிப்படியாகச் செவியைப் பழக்கலாம். தமக்கு எவ்வோசை, எந்நேரத்தில் துன்பம் தருகிறது என்பதைச் சினமின்றி எடுத்துரைத்தல் வேண்டும். சொல்லாமல் உள்ளே புழுங்குவதும், பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிப்பதும் வினைக்கே வித்தாகும்.

சட்டமும் ஓர் எல்லை வகுத்துள்ளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொதுவிதி. ஆனால் சட்டம் தண்டிப்பதை விலக்கினால் மட்டும் போதாது. பயனின்றித் தீங்கு செய்யாதிருத்தலை அனர்த்த தண்ட விரதம் என்று சிராவகர்க்கு விதித்துள்ளனர் பெரியோர். நெரிசலில் நகர வழியில்லாத வண்டியின் பின்னே நின்று ஒலிக்கும் ஆரனால் யாருக்கு என்ன பயன்? கோயில் விழாவின் பாட்டு, கூடியிருப்போர்க்குக் கேட்டால் போதாதா? அடுத்த தெருவில் காய்ச்சலில் கிடப்பவரின் உறக்கத்தைக் கெடுத்துப் பெறும் புண்ணியம் எது?

எறும்பை மிதியாமல் அடியெடுத்து வைக்கக் கற்றவர்கள் நாம். நம் கால் தொடும் இடத்தை நோக்கும் அதே கருணையோடு, நம் ஓசை சென்று தொடும் இடத்தையும் நோக்குவோம். பொறுமையை நமக்கு வைத்துக்கொள்வோம். அமைதியைப் பிறர்க்கு அளிப்போம்.