எட்டு மீட்டர் தள்ளி ஒரு கண்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி ஒரு மனிதரைக் கற்பனை செய்து சாலையில் நிறுத்துகிறது. அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கண் மட்டும் உண்டு. அந்தக் கண் முகப்பு விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, விளக்கின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரைக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது கூசாதபடி வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் நினைத்த மாத்திரத்தில் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். அயலாரைப் பற்றி நம் அறநூல்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. அவர் எங்கே நிற்கிறார் என்று மீட்டர் கணக்கில் சொன்னது இந்த விதிதான். மெக்கானிக் பட்டறையில் பேசி முடித்துவிடக்கூடிய விஷயம் போலத் தோன்றினாலும் இதற்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது: நான் ஏற்றும் வெளிச்சம் யாருடையது?

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கோ ராஜபாளையத்துக்கோ இரவில் போகும் ஒரு சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது குட்டி யானையாக இருக்கலாம், பொலேரோ பிக்கப்பாக இருக்கலாம்; ஏற்றியிருப்பது விசைத்தறி நூல் மூட்டையாகவோ பூ மூட்டையாகவோ இருக்கலாம். அதன் வெளிப்புறத்தில் எத்தனை விளக்குகள்! முன்னால் டிம்மும் பிரைட்டும் உள்ள இரண்டு ஹெட்லைட், அவற்றோடு பார்க்கிங் விளக்கு, மூலைக்கு ஒன்றாக மஞ்சள் இண்டிகேட்டர், பின்னால் சிவப்பு டெயில் லைட், பிரேக்கை மிதித்தால் அதைவிடப் பிரகாசமாக எரியும் இன்னொரு சிவப்பு, ரிவர்ஸ் கியர் போட்டால் வெள்ளை, நம்பர் பிளேட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சின்ன பல்பு, போதாததற்கு ரேடியம் ஸ்டிக்கர். இத்தனையிலும் ஓட்டுநர் தன் பார்வைக்குப் பயன்படுத்துவது ஹெட்லைட்டையும், எப்போதாவது ரிவர்ஸ் விளக்கையும்தான். மற்றவை எல்லாம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எரிகின்றன. டெயில் லைட் எரிகிறதா இல்லையா என்பதே இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வெள்ளை தெரிந்தால் வண்டி வருகிறது, சிவப்பு தெரிந்தால் போகிறது என்று இருட்டில் படித்துக்கொள்கிறவர் வேறு யாரோ. ஆக, ஒரு வண்டியின் விளக்குகளில் பெரும்பாலானவை உரிமையாளர் காசு கொடுத்து வாங்கி, தன் பேட்டரியில் எரியவிட்டு, தான் பார்க்க முடியாமல் பிறருக்குக் கொடுத்துவிடும் வெளிச்சம். அறம் என்பதன் இலக்கணத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் இயந்திரம் இருக்குமா என்பது சந்தேகமே.

உடனே ஒரு மறுப்பு வரும். இதில் என்ன அறம்? பின்னால் வரும் லாரி தன்மேல் ஏறிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் ஒருவன் டெயில் லைட்டைச் சரிபார்க்கிறான். சுயநலத்துக்கு ஏன் பூமாலை போட வேண்டும்? இந்த வழக்கை விசாரிக்கச் சங்கரன்கோவிலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வாதிட்டார்கள். சிவனையும் திருமாலையும் ஒன்றாகக் காண வேண்டி இந்த ஊரின் புன்னைவனத்தில் கோமதி அம்பாள் ஒற்றைக்காலில் நின்று தவம் இருந்தாள். வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக இறைவன் காட்சி கொடுத்தார் என்கிறது தலபுராணம். ஆண்டுதோறும் ஆடித்தபசுத் திருவிழா நடப்பது அந்தக் காட்சிக்காகத்தான். நாகர்கள் கேட்ட கேள்விக்கு இன்னார் பெரியவர் என்று தீர்ப்பு வரவில்லை என்பதுதான் இந்தப் புராணத்தின் சாமர்த்தியம். கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்று ஓர் உருவமே பதிலாக வந்து நின்றது. தன்னலமா பிறர்நலமா என்று டெயில் லைட்டைக் கூண்டில் ஏற்றுவதும் அதே வகை வாதம். அந்தச் சிவப்பு விளக்கு என்னையும் காப்பாற்றுகிறது, பின்னால் வருகிறவனையும் காப்பாற்றுகிறது. இரண்டையும் அறுத்துப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததால் அது அறம் ஆகாது என்று சொல்பவர், தனக்கு நஷ்டம் வந்தால்தான் அறம் என்று ஒப்புக்கொள்வார் போலிருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

இருந்தாலும் எல்லா விளக்கும் அவ்வளவு சமரசமானவை என்று சொல்லிவிட முடியாது. தன் நன்மையும் அயலார் நன்மையும் கொஞ்சமாவது பிரியும் இடம் டிம் அடிக்கும் இடம். அதன் உள்வேலை தெரிந்தால் விஷயம் இன்னும் துலங்கும். நெடுங்காலமாக நம் வண்டிகளில் இருந்துவரும் எச்-4 வகை ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு; பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். வாட் கணக்கைப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் இழை இருக்கும் இடத்தில் இருக்கிறது. பிரைட் இழை பிரதிபலிக்கும் குழியின் குவிமையத்தில் இருப்பதால் அதன் ஒளி முழுக் குழியிலும் பட்டு நேராக நெடுந்தூரம் ஓடுகிறது. டிம் இழை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு உலோகத் தகடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தத் தகடு மறித்துவிடும். மேல்பாதிக் குழியில் பட்டுத் தரையை நோக்கித் திரும்பும் ஒளி மட்டும் வெளியே வரும். அதாவது டிம் என்பது குறைந்த விளக்கே இல்லை. ஏறக்குறைய முழுதாக எரிந்துகொண்டே தன் ஒளியில் ஒரு பெரும்பங்கைத் தானே தடுத்துக்கொள்ளும் விளக்கு. சக்தி இல்லாமல் அடங்குவதும் சக்தியை வைத்துக்கொண்டு அடங்குவதும் ஒன்றாகாது. இரண்டாவதற்குத்தான் நம் மரபு தவம் என்று பெயர் வைத்தது. ஒற்றைக்காலில் நின்றவள் இன்னொரு கால் இல்லாதவள் அல்லவே.

டிம் அடிக்காமல் வருகிறவன் என்ன தவறு செய்கிறான்? வெளிச்சம்தானே கொடுக்கிறான் என்று கேட்கலாம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் இருள்மலநிலை என்று ஓர் அதிகாரம் உண்டு. இருட்டையும், உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தையும் அங்கே ஒப்பிடுகிறார். புறத்து இருட்டு பொருள்களை மறைத்தாலும், தான் இருட்டு என்பதையாவது காட்டிவிடுகிறது; ஆணவமோ பொருளையும் மறைக்கிறது, தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது அவர் சொல்லும் வேறுபாடு. எதிரே வரும் பிரைட் விளக்கு இந்த இரண்டாவது வகை இருட்டைச் சேர்ந்தது. அதன் முன்னால் சாலையின் விளிம்பு, சைக்கிள்காரர், குறுக்கே வரும் ஆடு எல்லாம் மறைந்துபோகின்றன. ஆனால் அந்த மறைப்பு வெளிச்சத்தின் வேடத்தில் வருவதால், செலுத்துகிறவனுக்குத் தான் இருட்டைப் பாய்ச்சுகிறோம் என்று தோன்றவே தோன்றாது. அவன் பக்கத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. தன் அறிவும் பக்தியும் ஊருக்கே விளக்கு என்று நம்பிக்கொண்டு எதிரே நிற்பவரைக் குருடாக்கும் மனிதர்களைச் சமய மேடைகளிலும் பார்க்கிறோம். அவர்களுக்கும் இந்தச் சாலைக்கும் தூரம் அதிகமில்லை.

கிராமத்துச் சாலையை அறிந்தவர்கள் ஒரு நியாயமான மறுப்பு சொல்வார்கள். தெருவிளக்கே இல்லாத இடத்தில் டிம் போட்டால் என் பக்கத்து ஓரத்தில் நடந்து போகிறவர் தெரியமாட்டார். எதிரே வருகிறவரின் கண்ணுக்கு இரங்கி இவரை அடித்துவிடவா? வலுவான கேள்விதான். விளக்கைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் டிம்மின் ஒளி இருபுறமும் ஒரே மட்டத்தில் விழுவதில்லை. எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தும், நடப்பவர் இருக்கும் இடப்பக்கம் சற்று உயர்ந்தும் விழும். தகட்டின் ஒரு விளிம்பைச் சாய்த்து வெட்டியிருப்பது இதற்காகத்தான். ஒரே விளக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. (சங்கரன்கோவில் இறைவனின் உருவத்தை வைத்து இங்கே இன்னோர் ஒப்புமை செய்யத் தோன்றும், வலிந்து செய்ததாகிவிடும், விட்டுவிடுவோம்.) அப்படியும் போதவில்லை என்றால் மிச்சத்தை வேகத்தில்தான் குறைக்க வேண்டும். அதைவிடக் கடினமான மறுப்பு, அவன் டிம் பண்ணவில்லையே நான் மட்டும் ஏன் என்பது. 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நொடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடிகள் வேண்டும். பழிக்குப் பழியாக நானும் பிரைட் போட்டால் அந்த நொடிகளில் இரண்டு குருடர்கள். நான் டிம்மில் இருந்தால், குறைந்தது என்னை நோக்கி வருகிறவனுக்காவது கண் தெரியும். என் உயிர் அந்த நேரத்தில் அவன் கண்ணில்தான் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்வதை வீரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு பக்தியின் பக்கமிருந்து வருகிறது. கண்ணாடிக்கு மேலே சாமி பெயர், பம்பரில் எலுமிச்சை மிளகாய், ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், சூடம். காப்பாற்ற அவன் இருக்கும்போது பல்பைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? விளக்குக்கும் தெய்வத்துக்கும் நம் முன்னோர் வைத்த உறவைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகள் ஈடுசெய்துகொண்டே இருப்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். தஞ்சைக் கல்வெட்டுக் கணக்குப்படி விளக்கு ஒன்றுக்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய். அணையாமல் எரியட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போகவில்லை அவர்கள். மந்தை எத்தனை, நெய் எத்தனை, அளந்து கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று கல்லில் வெட்டினார்கள். கொடுத்தவர் இறந்து பல தலைமுறை கழிந்தும் எரிய வேண்டிய விளக்கு அது, அதாவது அவர் பார்க்கப்போகாத வெளிச்சம். சித்தாந்தமும், கண் காண ஒளியின் துணை வேண்டும் என்பதைத்தான் அருளுக்கு உவமையாகச் சொல்கிறதே தவிர, அருள் இருப்பதால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று எங்கும் சொல்லவில்லை. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதியவர்தான். ஆள்வினையுடைமைக்கும் அவரே எழுதினார்.

எல்லாவற்றிலும் என் மதிப்பில் உயர்ந்த விளக்கு, வண்டியிலேயே மிகச் சிறியது: நம்பர் பிளேட் விளக்கு. பதிவெண் பின்னாலிருந்து 15 மீட்டர் தூரத்தில் படிக்கும்படி வெள்ளை ஒளி விழ வேண்டும் என்கிறது 105ஆம் விதி. ஹெட்லைட் எனக்கு வழி காட்டுகிறது. டெயில் லைட் எனக்கும் பாதுகாப்பு. டிம் கூடக் கடைசியில் என் உயிரைச் சேர்த்துக் காக்கிறது. இந்தச் சின்ன பல்பு எரிவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நான் யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போனால், டி.என்.79 என்று தொடங்கும் என் எண்ணை விழுந்து கிடப்பவருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. சித்திரகுப்தன் கணக்கு எங்கோ மறைவில் எழுதப்படுகிறது; இது என் பேட்டரியில் எரிந்து என்னையே காட்டிக்கொடுக்கிறது. அரசாங்கத்தின் கண்காணிப்புக்கு இப்படிப் புனிதம் பூசலாமா என்றால், கண்காணிப்பவர் யார் என்பது வேறு வழக்கு. சாலையில் அடிபட்டவருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அரசாங்கம் வருவதற்கு முன்பே இருந்த கடமை. ஃபியூஸ் போனால் பல மாதம் யாரும் கவனிக்காமல் கிடப்பது இந்த பல்புதான் என்பதில் ஆச்சரியமில்லை.

கடைசியாக, எண்ணம் சுத்தமாக இருந்தால் போதாதா என்ற கேள்வி. சரக்கு வண்டி இதற்கு இடம் கொடுப்பதில்லை. பின்னால் பாரம் ஏறினால் பட்டைகள் அமுங்கி வண்டியின் பின்பக்கம் இறங்கும், மூக்கு தூக்கும், தரையைப் பார்க்க வேண்டிய டிம் ஒளி எதிரே வருகிறவரின் முகத்துக்கு ஏறிவிடும். ஓட்டுநர் டிம்மில்தான் இருக்கிறார், சுவிட்ச் சரியான இடத்தில் இருக்கிறது, மனசாட்சியும் உறுத்தவில்லை. ஆனாலும் எதிர்க்கண் கூசுகிறது. உள்ளே இருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வெளியே இருப்பவர் சொன்னால்தான் உண்டு. அவரும் சொல்லத்தான் செய்கிறார், தன் விளக்கை இரண்டு முறை வெட்டிக் காட்டி. அதற்கு நம்மில் பலர் தரும் பதில், ‘நான் டிம்மில்தான் வருகிறேன்’ என்று நிரூபிக்க ஒரு கணம் பிரைட்டைப் போட்டுக் காட்டுவது. தன் மேல் குற்றமில்லை என்று காட்டுவதற்காகவே அந்தக் குற்றத்தைச் செய்வது! உமாபதியார் சொன்ன தன்னைக் காட்டாத மறைப்புக்கு உரையாசிரியர்கள் இதைவிட நல்ல உதாரணம் கொடுத்திருக்க முடியாது. அந்த இடத்தில் வேண்டியிருந்தது சின்ன வேலைதான். ஹெட்லைட் மட்டத்தை மாற்றும் திருகு டாஷ்போர்டில் இருக்கும் வண்டியானால் அதைப் பாரத்துக்குத் தக்க எண்ணுக்குத் திருப்பி ஒளியை இறக்க வேண்டும். இல்லாத வண்டியானால் கனமான மூட்டைகளைக் கேபின் பக்கம் தள்ளி அடுக்கிவிட்டு, புறப்படும் முன் எட்டு மீட்டர் தள்ளிப் போய் நின்று ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும்.