பருந்து பகையாகுமா?

ஓர் உயிரைக் காப்பதற்காக மற்றோர் உயிரைக் கொல்லலாமா என்னும் வினா அறநூல்களில் பலகாலும் எழுப்பப்பட்ட ஒன்று. நூல்களில் அதனைப் பயிலுங்கால் புலியும் பசுவும், வேடனும் மானும் நம் நினைவுக்கு வருகின்றன. சிற்றூர்களிலோ அவ்வினா நாள்தோறும் கொல்லைப்புறத்திலேயே எழுகின்றது. தாய்க்கோழி பத்துக் குஞ்சுகளோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு நிழல் வட்டமிடுகிறது. கோழி குரலெழுப்பிச் சிறகை விரிப்பதற்குள் குஞ்சுகளில் ஒன்று குறைந்துவிடுகிறது.

நம்மவர் கோழி வளர்ப்பதில்லை. ஆதலின் இது நமக்குரிய வினா அன்று என்று அன்பர் சிலர் கருதக்கூடும். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் நம் குடும்பங்கள் வாழும் ஊர்களை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வயல்களில் நாற்று நடும் பெண்கள் பலருக்கும் நான்கைந்து கோழிகளே கைச்சேமிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் என்றாலும் முட்டை விற்ற காசுதான் முன்னே வந்து நிற்கும். பருந்தைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று நான் சொல்லக் கேட்ட அத்தகைய அம்மையார் ஒருவர், “டீச்சரம்மா, பருந்துக்குச் சர்க்காரு காவல் இருக்குது. என் குஞ்சுக்கு யாரு காவல்?” என்று வினவினார். வினா தொடுக்கும் முறை பற்றி ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு. அங்கே பயின்ற வினா எதுவும் இத்துணைச் செம்மையானதன்று.

சட்டம் கூறுவதை முதலில் அறிதல் நலம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்து, வல்லூறு, கழுகு முதலிய பறவைகளைக் காக்கின்றது. வேட்டை என்னும் சொல்லுக்கு அது தரும் பொருள் விரிவானது. கொல்லுதல் மட்டுமன்றிக் கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், முட்டையையோ கூட்டையோ சிதைத்தல் ஆகியனவும் வேட்டையே. தன்னையோ பிற மனிதரையோ காக்கும் நல்லெண்ணத்தில் விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. கோழிக்குஞ்சைக் காப்பதற்கு அவ்விலக்குப் பொருந்தாது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என நிலையாக வரிசைப்படுத்திய ஐந்தாம் பட்டியல் ஒன்று முன்பு அச்சட்டத்தில் இருந்தது. 2022இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பட்டியலை நீக்கிவிட்டது. தேவை நேருங்கால் அரசு தனி ஆணையால் அறிவிக்கலாம் என்பது வேறு செய்தி.

சட்டம் இவ்வாறிருக்க, அறம் என்ன கூறுகின்றது? இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்தனர். எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. பகைவரைத் தடுக்கையில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். குஞ்சைக் காக்கப் பருந்தைக் கொல்வது விரோதி ஹிம்சைதானே, அதனை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லையே என்று கற்றறிந்த ஒருவரே என்னிடம் வாதிட்டதுண்டு.

இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. விரோதி என்பவன் விரோதம் உடையவன். பருந்துக்கு அந்த அம்மையாரிடம் என்ன விரோதம்? இது வீட்டுக்கோழி, இது காட்டுப்பறவை என்னும் உரிமைப் பாகுபாடு அதற்குத் தெரியாது. பசி தெரியும், தன் கூட்டில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சும் தெரியும். பள்ளியில் பிள்ளைகள் கோழியும் பருந்தும் விளையாடுகையில் பருந்தாக நிற்க ஒருவரும் முன்வரமாட்டார்கள். ஆசிரியைதான் யாரையேனும் பிடித்து நிறுத்த வேண்டும். பகை என்னும் எண்ணத்தை நாம் அத்துணை இளமையிலேயே ஊட்டிவிடுகிறோம். செம்பருந்தைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கையே கரும்பருந்தின்மேல் கல்லெறிகின்றது. செம்பருந்தும் குஞ்சைத் தூக்கும் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை.

மேலும், கல்லை எடுத்து வீசி விரட்டும் கை வேறு. செத்த குஞ்சின் உடலில் பூச்சிமருந்தைத் தடவி வெட்டவெளியில் வைக்கும் கை வேறு. முன்னது அந்நேரப் பதற்றம். பின்னதற்கு எண்ணமும் ஏற்பாடும் காத்திருத்தலும் வேண்டும், அது சங்கல்பமே. யசோதர காவியத்தில் மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியைத்தான். உயிரற்ற உருவமேயாயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால், அவனும் அவன் தாய் சந்திரமதியும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாகவே பிறந்து அம்பினால் மடிந்தனர் என்பது கதை.

நஞ்சு வைத்தவன் எண்ணிய உயிரோடு நின்றுவிடுவதுமில்லை. நாயும் காகமும் அதே இறைச்சியைத் தின்னும். எவரையும் கொல்ல எண்ணாமல் கால்நடைகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகளை என்ன செய்தது என்பதை நாடறியும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. எண்ணாமல் கொடுத்ததற்கே இத்துணை விளைவென்றால், எண்ணி வைப்பதைப் பற்றி என்ன சொல்ல?

இனி நம்முடைய தயக்கத்திற்கு வருகிறேன். ஊன் உண்ணும் பறவையிடம் நமக்கு ஓர் ஒவ்வாமை இருக்கின்றது. டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர ஜைன லால் மந்திரின் பறவை மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. அங்குங்கூட ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்பிவிடுவரேயன்றி உள்ளே தங்கவைப்பதில்லை என்பது மரபு. அந்நகரில் பட்டத்தின் மாஞ்சா நூலில் அறுபட்டு விழும் பருந்துகளை முகம்மது சவூத், நதீம் ஷெஹ்சாத் என்னும் சகோதரர் இருவர் வீட்டில் வைத்துப் பேணிவந்த வரலாறு 2022இல் ஆவணப்படமாக வெளிவந்தது. பருந்துக்கு ஊன் அரிந்து ஊட்டுவது நம்மால் இயலாது. அம்மரபைக் குறை கூறவும் நான் முற்படவில்லை. ஆயினும், தொடத் தயங்கும் உயிரைக் காக்கும்படி ஓர் ஏழைப் பெண்ணுக்கு உபதேசிப்பது நமக்குச் செலவில்லாத கருணை. அதுதான் என்னை உறுத்துகின்றது.

பருந்துக்குத் தப்பி வந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபியைத் தமிழர் யாவரும் அறிவர். பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் முற்பிறவியான மேகரத மன்னனைப் பற்றியும் இக்கதையைச் சுவேதாம்பர மரபு கூறுகின்றது. அம்மன்னன் பருந்தை அம்பெய்து வீழ்த்தவில்லை. பட்டினி கிட என்று அதற்கு அறிவுரை கூறவும் இல்லை. புறாவைக் காக்க விரும்பியவன் தான் ஆதலின், அதற்குரிய விலையைத் தானே கொடுத்தான். குஞ்சும் பிழைக்க வேண்டும், பருந்தும் பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறவர் நாம்; விலையை மட்டும் அந்த அம்மையார் கொடுக்க வேண்டுமா?

அவ்விலை பெரிதும் அன்று. குஞ்சு பொரித்த முதல் எட்டு வாரங்களே பெரும் இடர்க்காலம். அதுவரை பஞ்சாரத்திலோ, மேலே பழைய மீன்வலை கட்டிய அடைப்பிலோ தாயையும் குஞ்சுகளையும் மேயவிடலாம். முற்றத்தில் ஓடி ஒளிய அடர்ந்த செடிகள் இருத்தல் நலம். இறைச்சிக் கடைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டுவதை ஊரார் நிறுத்தினால் பருந்துகள் ஊருக்குள் கூடுவதும் குறையும். பருந்து ஒரு நாளில் ஒரு குஞ்சைக் கொண்டுபோகும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலியாகும். முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தையும் எட்டாம் வாரத்துத் தடுப்பூசியையும் தவறவிட்டுவிட்டு வானத்தை நோக்கி வைபவர்களை நான் கண்டிருக்கிறேன். பருந்து கண்ணுக்குத் தெரிகிறது, கிருமி தெரிவதில்லை.

மகாவீர ஜயந்தியின்போது ஜீவதயைக்கென ஒதுக்கும் தொகையில் இருபது பஞ்சாரங்களும் சிறிது வலையும் வாங்கித் தரலாம் என்று எங்கள் ஊர் ஆலயக் குழுவினருக்கு எழுதியிருக்கிறேன். கத்திக்குப் போகும் கோழியை வளர்க்க நாம் துணைபோவதா என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பஞ்சாரம் கொடுப்பதனால் ஊரில் ஒரு கோழியும் கூடப்போவதில்லை, நஞ்சு வைக்கும் கை ஒன்று குறையக்கூடும் என்று மறுமொழி எழுதினேன். அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.