நூதனசாலையில் திருவுருவம்

கலாசாலை மாணாக்கரையும் சர்வகலாசாலை மாணாக்கரையும் நூதனசாலைகளுக்கு அழைத்துச் சென்று பண்டைச் சிற்பங்களைக் காட்டுதல் கல்விமுறையின் ஓரங்கமாயிற்று. அவ்வழக்கம் நன்றே. ஆயினும், அங்ஙனஞ் சென்று மீண்ட சைவ மாணாக்கரொருவர் எம்மை அணுகி, "ஐயா, நடராசப் பெருமானது திருவுருவத்தை நூதனசாலை மண்டபத்திற் கண்டேன். கூப்ப எழுந்த கை, அருகில் நின்றோர் நகைப்பரோ என்னும் நாணத்தால் தாழ்ந்துவிட்டது. யான் செய்தது பிழையோ?" என்று வினவினார். இவ்வினா அவரொருவர்க்கே உரியதன்று. நம் பாடசாலைகளிற் கற்று உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைகள் பலர்க்கும் உரியது. ஆதலின் ஆசிரியர்களாகிய நாம் இதனை ஆராய்ந்து தெளிதல் கடனாம்.

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்குள்ள சைவத் திருமேனிகளுட் சிறந்தன பொலன்னறுவையிலிருந்து வந்தன. அந்நகர் பதினோராம் நூற்றாண்டிற் சோழராட்சிக்குட்பட்டுச் சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அங்குள்ள சிவன்கோயில் அழிபாடுகளைத் தொல்பொருளாராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, நடராசர், உமாதேவியார், சுந்தரமூர்த்தி நாயனார் முதலாயினோரின் திருவுருவங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. 1960ஆம் ஆண்டிலும் வேறு சில கிடைத்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இவற்றைக் குறித்து ஆராய்ச்சியுரை வரைந்தார்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1914ஆம் ஆண்டில் இந்நூதனசாலைப் படிமங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்கள்.

இத்திருவுருவங்களை மாணாக்கர் எவ்வாறு காணல் வேண்டும்? இங்கே இரு சாரார் இரு வேறு கூறுவர். ஒரு சாரார், "பூசை பெறவேண்டிய மூர்த்தியைக் காட்சிப்பொருளாக்கியது அபசாரம், அங்குச் சைவப் பிள்ளைகள் செல்லலாகாது" என்பர். மற்றொரு சாரார், "அங்கே அது கலைப்பொருள் மாத்திரமே, அழகை நுகர்க, பத்தியை வாயிலிலே விட்டுச் செல்க" என்பர்.

முன்னவர் கூற்றின்கண் அன்பு உண்டு. ஆயின் முடிபு பொருந்தாது. ஆகமமுறைப்படி பிரதிட்டை செய்து, மந்திரத்தால் ஆவாகித்து, நித்திய பூசை நிகழ்த்தும் இடமே ஆலயம். பூசை நெடுங்காலம் ஒழிந்த திருவுருவத்தை மீண்டும் வழிபடப் புகுவோர் மீண்டும் பிரதிட்டை செய்தல் வேண்டும். ஆகவே நூதனசாலை ஆலயமாகாது. ஆலயத்திற்குரிய ஆசாரங்களை அங்கே செய்யாமை குற்றமுமாகாது.

பின்னவர்க்கு ஒரு சான்றுண்டு. பிரான்சு தேசத்துப் பெருஞ்சிற்பியாகிய ரோடின், சென்னை நூதனசாலையிலுள்ள நடராச வடிவத்தை நிழற்படங்களிற் கண்டே வியந்தெழுதினார். அவ்வுரை அவர் இறந்தபின் 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. சைவரல்லாத ஒருவரும் அவ்வழகை உணரக்கூடும் என்பதை இது காட்டும். ஆயினும், அழகை உணர்தல் வேறு. அப்பொருளை முற்ற அறிதல் வேறு. துடியேந்திய கை படைப்பையும், அமைந்த கை காத்தலையும், அனலேந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பதறியாதான் அவ்வுருவத்தின் வளைவை அறிவான். அவ்வளைவு எதன்பொருட்டு என்பதை அறியான். எழுத்தின் வடிவை வியந்து, எழுதிய சொல்லை வாசியாது விடுவானை நாம் கற்றவன் என்போமா?

இனி, நூதனசாலையே நமக்குக் கற்பிக்கத்தக்க பாடமொன்றுண்டு. ஆலயத்தில் உற்சவமூர்த்தி பட்டாலும் மாலையாலும் அணிசெய்யப்பட்டு எழுந்தருளுதலின், திருமுகமும் திருக்கரங்களுமன்றிப் பிற தோன்றா. பின்புறத்தையோ அடியார் காணார். நூதனசாலையிலோ சுற்றிவந்து நோக்கலாம். சோழர்காலத் திருமேனிகளை அங்ஙனம் நோக்குவார், பின்னே தாழும் சடைச்சுருளும், தோளணியும், ஆடையின் மடிப்பும் முன்புறத்தைப் போலவே செம்மையுற முடிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். சிற்பி மெழுகால் உருவமைத்து, மண்ணாற் போர்த்து, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பின் மண்ணச்சினை உடைத்தான். அவ்வச்சில் வேறொன்று வார்த்தல் இயலாது. பட்டு மறைக்கும் என்று அறிந்தும், எவரும் காணார் என்று அறிந்தும், அவன் அப்பாகத்தைக் குறைவிட்டானல்லன். யார் காணும்பொருட்டுச் செய்தான்? எங்கும் நிறைந்து காண்பான் ஒருவன் உளன் என்னும் துணிபாற் செய்தான். காண்பாரில்லாதவிடத்தும் கடமையைக் குறைவிடாமை என்னும் அறத்தை இதனினும் தெளிவாகப் போதிக்கும் பாடபுத்தகம் யாதுளது?

பீடத்திலுள்ள துளைகளையும் காட்டுதல் வேண்டும். அவை காவுதடி கோத்து வீதியில் எழுந்தருளச் செய்தற்கு அமைந்தன. அவற்றைக் கண்ட மாணாக்கர், இது நிற்றற்கன்று, அடியார் தோளில் உலாவருதற்கு ஆக்கப்பட்டது என்று உணர்வர்.

இது எங்கிருந்து, எவ்வழி வந்தது என்று வினவவும் கற்பித்தல் வேண்டும். பொலன்னறுவைத் திருமேனிகள் அழிபாடுகளினின்றும் அகழ்ந்தெடுத்துப் பாதுகாக்கப்பட்டவை. தமிழ்நாட்டுச் சிறீபுரந்தான் கோயில் நடராசரோ களவிற்போய், 2008ஆம் ஆண்டில் அவுத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2014ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு மீட்டளிக்கப்பட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வழகை நுகர்ந்தோர், ஓரூரார் இழந்த செல்வத்தை அறியாது நுகர்ந்தனர். அழகு மாத்திரம் போதும் என்பார்க்கு இவ்வினா எழாது.

ஆசிரியர்க்குச் சில கூறுவேம். ஒரே நாளில் நூறு பொருள்களைக் காட்டற்க. இரண்டு மூன்றே அமையும். செல்லுமுன் அவற்றின் வரலாற்றையும் தத்துவத்தையும் உரைக்க. சென்றபின் சிறிதுநேரம் பேசாது நோக்கச் செய்க. கண்டதை வரையவும் எழுதவும் செய்க. பிறமத மாணாக்கர் உடன்வரின் அவர்களும் மதிப்போடு நோக்குக. வணங்குமாறு எவரையும் வற்புறுத்தற்க, வணங்குவாரை எவரும் தடுக்கவும் வேண்டா. மீண்ட கிழமையில் மாணாக்கரை ஆலயத்திற்கும் அழைத்துச் செல்க. பட்டுக்குள் மறைந்திருப்பது யாதென்பதை அவர்கள் அப்போது அறிந்தவராய்த் தரிசிப்பர்.

முதலில் வினவிய மாணாக்கர்க்கு எம்விடை இது: கை கூப்பாமை பிழையன்று, நாணத்தாற் கூப்பாமையே பிழை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தையும் அடியார் திருவேடத்தையும் அரனெனத் தொழுக என விதித்தது. கண்டவழி உள்ளம் நெகிழ்ந்து பெருமானை நினைப்பிக்கும் திருவுருவத்தின் முன் எழுந்த கையை உலகநகைப்புக்கு அஞ்சித் தாழ்த்தல் வேண்டா. காணாவிடத்தும் செம்மையுறச் செய்த சிற்பியின் முன்னிலையில், காண்பார்க்கு அஞ்சுதல் தகுமா?

திருவருள் துணைநிற்க.